மாட்டுக்காகப் பிறந்த மருத்துவமும் பெட்டை நாயும்

கடலூர், சிதம்பரம் பக்கம் இனவிருத்திக்கு வளர்க்கும் பெட்டை நாயின் கருப்பையில் சீழ் பிடித்தால் வைத்தியம் தாமதமாவதற்கு வளர்ப்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கால்நடை மருத்துவம் வளர்ந்த வழியும் ஒரு காரணம். சென்னை மாகாணத்தின் கால்நடைத் துறை உழவு மாட்டை வாரிக்கொண்டுபோன வெக்கை நோயோடு போராடி வளர்ந்தது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கால்நடைக் கல்லூரி 1936-ல் பட்டப்படிப்பு தரத் தொடங்கிய பிறகும், ஊர் மருந்தகத்தின் முதல் கடமை மாடாகவே இருந்தது. சோறு போடும் மாட்டை முதலில் காத்தது தவறா என்று கேட்கலாம். அன்று அது சரியே. ஆனால் வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்தது. மாடே முதலில் என்ற பழைய வரிசையை இன்னும் கட்டிக்காக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், சீழ் பிடித்த கருப்பையை அறுவையில் அகற்றினால் வம்சம் அற்றுப்போகுமே என்ற வளர்ப்பவரின் அச்சம். சீழ் வெளியே வடியும் நிலையில், பெட்டையின் உடல்நிலை நன்றாக இருந்தால், புரோஸ்டகிளாண்டின் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கருப்பையைக் காக்கக்கூடும். ஆனாலும் நோய் திரும்பலாம். கருப்பை வாய் மூடிச் சீழ் உள்ளே தேங்கினால் அறுவைதான் உயிர் காக்கும் வழி. சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் பெட்டை அதிகமாகத் தண்ணீர் குடித்து, தீனி மறுத்துச் சோர்ந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாய் பிழைப்பதே முதல் தேவை.