மே 31: ஒரு நாற்காலிக் கணக்கு



நான் 1962 மே மாதம் பிறந்தவன். 58 வயது முடிந்து 2020 மே 31 அன்று ஓய்வு பெற வேண்டியவன். மே 7-இல் அரசாணை வந்தது, ஓய்வு வயது 59 என்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அதை 60 என்று அறிவித்தார். வாசற்படி வரை வந்த என்னை இரண்டு முறை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கொரோனாவில் அரசின் வரி வருமானம் படுத்துவிட்ட நேரம் அது. ஒருவர் ஓய்வு பெற்றால் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் என்று மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு தள்ளிப்போயிற்று.

அந்த நாளில் நம் சங்கரன்கோவில் ரத வீதியில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்தவன், 2013-இல் தகுதித் தேர்வும் தேறியவன். "சார், ஒங்களுக்கு ரெண்டு வருசம் சர்வீஸ் கூடியிருக்கு. எங்களுக்கு வயசுதான் கூடியிருக்கு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குப் பதில் வரவில்லை.

ஆந்திராவில் 1983-இல் என்.டி. ராமாராவ் இதற்கு நேர்மாறாகச் செய்தார். இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்று ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆகக் குறைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குறைத்தது செல்லும் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் வயது 58-க்கே திரும்பிவிட்டது. கூட்டினால் இளையவர் வயிறு எரிகிறது, குறைத்தால் மூத்தவர் வயிறு காய்கிறது.

2022 மே 31-இல் நான் வெளியே வந்தேன். அவனுக்கு வழி விட்டாயிற்று என்றுதான் நினைத்தேன். தகுதித் தேர்வு தேறியவர்களும் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இலேயே ஆணை வந்திருந்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில், 2022-இல், காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்.

நான் எழுந்த நாற்காலியில் அவனைப் போன்ற ஒருவர் அந்தச் சம்பளத்துக்கு உட்கார்ந்தார். அதே வகுப்பு, அதே பாடம்.

கூடுதல் இரண்டு வருடச் சம்பளம் என் வீட்டுக் கடனை அடைத்தது. அதை மறைக்க மாட்டேன். அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒருவர் எழுந்தால் அந்த இடத்தை முழுச் சம்பளத்தோடு நிரப்ப வேண்டும் என்று கேட்காமல், நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இதைப் படித்தால் வீட்டுக்கு வாப்பா. அன்று சொல்லாத பதிலைச் சொல்ல வேண்டும்.