விரைவோட்டமும் அதன் சாட்சிகளும்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போரின் கைவேகத்தைப் புதியவர் ஒருவர் கண்டால் வியப்பார். ஆயினும் அதில் எதனை வியக்க வேண்டும் என்பதை அவர் அறியார். அடுத்த நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணோ அதனை அறிவாள். முற்றிய இலை எங்கே விடப்பட்டது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எவ்வாறு ஒரே அசைவில் விரலுக்குள் வந்தன என்பன அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை. மாலையில் கொழுந்து தராசில் ஏறும்போது வேறோர் உண்மையும் அவளுக்குத் தெரியும். கை எவ்வளவுதான் விரைந்திருந்தாலும், நிறுவை நேர்மையாக இல்லையேல் அந்த விரைவினால் அவளுக்குப் பயன் இல்லை. ஆகவே, விரைவைப் போற்றுவதற்கு இரண்டு வேண்டும்: ஒன்று அறிந்த கண், மற்றொன்று நேர்மையான அளவு.

இவ்விரண்டையும் தேடித் தேடி வளர்ந்த ஒரு புதிய கலை உண்டு. பழைய வீடியோ விளையாட்டுகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை மிகக் குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் கலை அது. ஆங்கிலத்தில் அதற்கு ஸ்பீட்ரன் என்று பெயர். தமிழில் விரைவோட்டம் எனலாம். பொழுதுபோக்கிற்காகத் தோன்றிய இக்கலையின் வரலாறு, சான்று என்றால் என்ன என்னும் பெரிய கேள்விக்கு இட்டுச் செல்வது கருதத்தக்கது.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் என்னும் விளையாட்டை ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1985ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் 32 கட்டங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் கடப்பதே சிறுவர்களின் வழக்கம். விரைவோட்டக்காரரோ மறைவான குழாய்வழிகளுள் புகுந்து, 8 கட்டங்களை மட்டுமே ஆடி முடிவை எட்டுவார். கட்டத்தின் இறுதியிலுள்ள கொடிக்கம்பத்தின் அடியைக் குறிப்பிட்ட ஒரு முறையில் தொட்டால், கொடி இறங்கும் காட்சியே நிகழாது. அந்த நேரமும் மிச்சமாகும். 2011ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்டிகிஸ் என்பவர் இவ்விளையாட்டை 4 நிமிடம் 58 நொடியில் முடித்தார். 2021ஆம் ஆண்டில் நிஃப்ட்ஸ்கி என்னும் புனைபெயர் கொண்ட இளைஞர் முதன்முதலாக 4 நிமிடம் 55 நொடிக்கும் குறைவாக முடித்தார். ஏறக்குறைய நான்கு நொடிகளைக் குறைப்பதற்குப் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன.

அந்த நான்கு நொடிகளின் அருமையை உணர, விளையாட்டின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் தோன்றி மறைகின்றன. வீரர் ஒரு கட்டத்தை எந்தக் கணத்தில் முடித்தாலும், பெரும்பாலான கட்டங்களில் 21 படங்களுக்கு ஒருமுறை மட்டுமே விளையாட்டு அடுத்த கட்டத்திற்கு வழிவிடும். பதுளைப் புகைவண்டி நிலையத்திற்குப் பயணி ஐந்து நிமிடம் முந்தி வந்தாலும், அரை நிமிடம் முந்தி வந்தாலும், வண்டி தன் நேரத்திற்கே புறப்படும் அல்லவா? அதுபோலவே இங்கும், ஒரு கட்டத்தில் சிறிதளவு முந்துவதால் ஆதாயம் ஒன்றும் இல்லை. முழுமையாக ஒரு வண்டி முன்னதாகப் பிடித்தால்தான் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் மிச்சமாகும். இதனை அறியாதவருக்குத் திரையில் ஓடுவது ஒரு பொம்மை. அறிந்தவருக்கோ ஒவ்வொரு தாவலும் கணக்கிட்டு வைத்த அடி.

இவ்வளவு நுண்ணிய அளவு தொடக்கத்தில் இருந்ததில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஒட்டம்வா நகரில் 1981ஆம் ஆண்டில் வால்டர் டே என்பவர் டுவின் கேலக்ஸீஸ் என்னும் விளையாட்டு நிலையத்தைத் தொடங்கினார். நாடெங்கிலுமிருந்து வந்த சாதனைகளைப் பதிவு செய்யும் ஏடு அவ்விடத்தில் உருவாயிற்று. வீட்டில் ஆடுவோர் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து, விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்திற்கு அஞ்சலில் அனுப்புவது அக்கால வழக்கம். படம் முடிவைக் காட்டும். முடிவை எட்டிய வழியைக் காட்டாது. எஞ்சியது ஆடியவரின் சொல்லும், அதனை ஏற்றுக்கொண்டவரின் நம்பிக்கையுமே.

பெரிய மாற்றம் 1993ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான டூம் என்னும் கணினி விளையாட்டால் நேர்ந்தது. ஆடுபவர் எந்தக் கணத்தில் எந்த விசையை அழுத்தினார் என்பதை அது ஒரு சிறிய கோப்பில் குறித்து வைத்தது. அக்கோப்பைப் பெற்ற எவரும் தம் கணினியில் அந்த ஆட்டத்தை அப்படியே மீண்டும் காணலாம். முடிவு மட்டுமன்றி, ஒவ்வோர் அடியும் சான்றாயிற்று. அதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது: வென்றவரின் வித்தை மறைபொருளாக இருக்க இயலவில்லை. கண்டவர் கற்றார், கற்றவர் அதனைத் திருத்தினார்.

அதன் பயனை 1996ஆம் ஆண்டில் வெளியான குவேக் என்னும் விளையாட்டில் காணலாம். தம் ஆயுதத்தின் வெடிப்பையே உந்துவிசையாகக் கொண்டு எட்டாத மேடைக்குத் தாவும் உத்தியை வீரர்கள் கண்டனர். பலர் கூடி, ஒவ்வொரு கட்டத்தையும் அதில் வல்லவர் ஆட, 1997ஆம் ஆண்டு ஜூனில் முழு விளையாட்டையும் 19 நிமிடம் 49 நொடியில் முடித்துக் காட்டினர். அதே ஆண்டு செப்டம்பரில் அது 16 நிமிடம் 35 நொடியாயிற்று. 2000ஆம் ஆண்டில் 12 நிமிடம் 23 நொடியாயிற்று. மூன்றாண்டுகளில் ஏழு நிமிடங்களுக்கு மேல் குறைந்தமைக்குத் தனி ஒருவரின் கைவேகம் காரணமன்று. ஒருவர் கண்டதை மற்றவர்க்கு ஒளிக்காமையே காரணம்.

சான்றின் ஆட்சி வலுப்பெற்றபோது, பழைய நம்பிக்கைகளும் தராசில் ஏற வேண்டியவாயின. 1980ஆம் ஆண்டில் ஆக்டிவிஷன் நிறுவனம் டிராக்ஸ்டர் என்னும் கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதனை 5.51 நொடியில் முடித்ததாக 1982ஆம் ஆண்டில் டாட் ராஜர்ஸ் என்பவர் பெயரில் சாதனை ஒன்று பதிவாயிற்று. அது 35 ஆண்டுகள் அசையாமல் நின்றது. கின்னஸ் ஏட்டிலும் இடம் பெற்றது. 2017ஆம் ஆண்டில் எரிக் கோசியல் என்னும் விரைவோட்டக்காரர் அவ்விளையாட்டின் கட்டளைநிரலையே பிரித்து ஆராய்ந்தார். விசைகளை எவ்வாறு அழுத்தினும் 5.57 நொடிக்குக் குறைவாக முடிக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. ராஜர்ஸ் தம் கூற்றில் உறுதியாகவே நின்றார். எனினும் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் டுவின் கேலக்ஸீஸ் அமைப்பு அவருடைய சாதனைகள் அனைத்தையும் ஏட்டிலிருந்து நீக்கியது. கின்னஸும் அவ்வழியே சென்றது. வேறுபாடு 0.06 நொடி. கண்ணிமைக்கும் நேரத்தினும் சிறிய அந்த வேறுபாடு, ஒருவருடைய 35 ஆண்டுப் புகழின் எடையைத் தாங்கி நின்றது.

இது கொடுமை அன்றோ என்று சிலர் வினவலாம். ஆனால் அந்த 35 ஆண்டுகளில் எத்தனையோ சிறுவர்கள் 5.57 நொடியை எட்ட முயன்று, எட்டியும் தாம் தோற்றவரே என்று எண்ணியிருக்கக்கூடும். பொய்யான அளவு உண்மையாக உழைத்தவரையே முதலில் தண்டிக்கிறது.

தமிழ் மரபுக்கு இவ்வுண்மை புதிதன்று. அவதானக் கலையில் ஒருவர் ஒரே வேளையில் பல செய்திகளில் கருத்தூன்றி, கேட்கும் வினாக்களுக்கெல்லாம் விடை தருவார். செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்திகளைக் கவனிக்கும் சதாவதானத்தை நிகழ்த்தினார். அக்கலையில் வினாத் தொடுப்போரும் சரிபார்ப்போரும் அவையில் வெளிப்படையாக அமர்ந்திருப்பர். கண்டு களிக்கும் அவையே தேர்வு செய்யும் மன்றமுமாகும்.

விரைவோட்டக்காரரும் இத்தகைய அவையை அமைத்துக்கொண்டனர். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் சில நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, பழைய விளையாட்டுகளை விரைந்து ஆடுவதை இணையம் வழியே ஒளிபரப்பினர். கேர் என்னும் அறநிறுவனத்திற்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. கேம்ஸ் டன் குவிக் என்னும் பெயரில் அது ஆண்டுதோறும் நிகழும் பெருவிழாவாக வளர்ந்து, புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் கோடிக்கணக்கான டாலரை ஈட்டித் தந்துள்ளது. அங்கே ஆடுபவருக்குப் பின்னால், அதே விளையாட்டைக் கற்றவர் சிலர் அமர்ந்து, வரப்போகும் அரிய தாவலை முன்கூட்டியே விளக்குவர். தாவல் தவறினும் அவையினர் எள்ளுவதில்லை. அதன் அருமையை அறிந்தவர் ஆதலின் ஊக்குவிப்பர். அறிந்த கண் இரக்கமும் உடையதாகிறது.

பதுளை நகரில் 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஹோபிட்டிகம என்னும் சந்தையின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் பழைய விதிகளை மீறிப் பொருள் பறிக்கின்றனர் என்று மகியங்கனைக்கு வந்த மன்னனிடம் முறையிட்டனர். மன்னன் சந்தை விதிகளைக் கல்லில் பொறித்து நிறுத்துவித்தான். விதி அதிகாரியின் நாவில் மட்டும் இருந்தவரை குடிகளுக்குக் காப்பு இல்லை. எல்லாரும் காணும் கல்லில் ஏறிய பின்னரே அது அவர்களுக்கும் உரியதாயிற்று. டூம் விளையாட்டின் சிறிய கோப்பும் அத்தகைய கல்லே. அளவு வெளிப்படையாக இருக்கும் இடத்தில்தான் விரைந்த கைக்கு உரிய பெருமையும், அதற்குரிய கூலியும் தவறாமல் சேரும்.