செல்ஃப் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? ஒரு சின்ன மோட்டாரின் வரலாறு

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நம் ஊரில் யாரும் "ஸ்டார்ட்டர் மோட்டார் இயங்கவில்லை" என்று சொல்வதில்லை. "செல்ஃப் எடுக்கலை" என்பார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கருவிக்கு 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று பெயர். பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் ஒர்க் ஷாப்பில் தங்கிவிட்டது.

செல்ஃப் வருவதற்கு முன்னால் எல்லாம் கைதான். காரின் முன்பக்கம் குனிந்து, இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளி வைக்க மறந்துவிட்டால் போச்சு... எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து, ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை உடைக்கும். அந்த எலும்பு முறிவுக்கு மருத்துவர்கள் 'ஓட்டுநர் முறிவு' என்றே பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். இந்தத் தொல்லை இல்லாததால்தான் பேட்டரி கார்களுக்கு அன்று தனி மவுசு. பெட்ரோல் காரில் கோடி கோடியாகச் சம்பாதித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார்!

செல்ஃப் பிறந்ததற்கு ஒரு சோகக் கதையும் சொல்வார்கள். காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட்டார். அது திருப்பி அடித்ததில் தாடை உடைந்து, பிறகு இறந்தும் போனார். மனம் நொந்த லேலண்ட் ஹேண்டிலை ஒழிக்க முடிவெடுத்தார் என்பது கதை. இது 1910-ல் நடந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கார்ட்டர் இறந்தது 1908-ல்! எனவே கதையைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். லேலண்ட் மாற்று வழி தேடியது மட்டும் நிஜம்.

அந்த வழி ஒரு கல்லாப்பெட்டியில் இருந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற இளம் பொறியாளர், ஓஹையோ மாநிலம் டேடன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கைப்பிடி சுற்றாமல், பட்டனைத் தட்டினாலே திறக்கும் மின்சாரக் கல்லாவை உருவாக்கினார். 1909-ல் எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து 'டெல்கோ' நிறுவனத்தைத் தொடங்கினார். டீட்ஸ் வீட்டுக் கொட்டகைதான் பட்டறை.

காரின் எஞ்சினைச் சுற்ற வேண்டுமானால் எஞ்சின் அளவுக்கே ஒரு மோட்டார் தேவை, அதைக் காரில் எங்கே வைப்பது என்பதுதான் அன்றைய நிபுணர்களின் வாதம். கணக்கு சரிதான், மோட்டார் நாள் முழுக்க ஓடுவதாக இருந்தால்! கல்லாப்பெட்டி மோட்டார் சில நொடிதானே ஓடுகிறது? சின்ன மோட்டாருக்கு அதன் சக்திக்கு மீறிய மின்சாரத்தை ஒரு கணம் கொடுத்தால், அது சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். கெட்டரிங் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

1911-ல் லேலண்டுக்கு அது செய்து காட்டப்பட்டது. 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் செல்ஃப் வந்தது. ஒரே இயந்திரம் எஞ்சினைக் கிளப்பும். பிறகு ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்யும். 1919-ல் ஃபோர்டின் மாடல் டி காருக்கும் செல்ஃப் கிடைத்தது. 1920-களில் மின்சாரக் கார்கள் சந்தையை விட்டு ஒதுங்கியதற்கு இந்த மோட்டாரும் ஒரு காரணம். (அவை திரும்பி வர எத்தனை வருடம் ஆனது!)

இவ்வளவு பழைய கதை எதற்கு என்றால், இன்றைய செல்ஃப் மோட்டாரும் கெட்டரிங் போட்ட அதே கணக்கில்தான் ஓடுகிறது. சில நொடி வேலை, பிறகு ஓய்வு. ஒரே காரில் இரண்டாவது, மூன்றாவது மோட்டாரும் எரிந்தால், மோட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கணக்கை எது மீற வைக்கிறது என்றுதான் தேட வேண்டும்.

எஞ்சின் சீக்கிரம் பிடிக்காததால் சாவியைத் திருகியபடியே வைத்திருந்தால் காயில் சூடேறும். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் சுற்றாமல், நடுவில் ஆறவிட வேண்டும். எஞ்சின் பிடித்த பிறகும் சின்னப் பல்சக்கரம் விலகாவிட்டால், எஞ்சினே மோட்டாரைக் கண்டபடி சுழற்றி ஆர்மேச்சரைச் சிதைத்துவிடும். சாவி ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலும் இதே கதிதான். ஃபிளைவீல் பற்கள் தேய்ந்திருந்தால் புது மோட்டாரின் பற்களும் கூடவே போகும். எண்ணெய் ஒழுகி உள்ளே இறங்கினால் கார்பன் பிரஷ் கெடும்.

பெரும்பாலோர் பார்க்க மறப்பது ஒயர்களை. பேட்டரி பலவீனமாகவோ, எர்த் ஒயர் துருப்பிடித்தோ இருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றுவதால் நேரம் நீளும், சூடு ஏறும். எஞ்சினைச் சுற்றும்போது பேட்டரி எர்த் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிலோ இணைப்பிலோ கோளாறு. புது மோட்டார் விலை ஆயிரக்கணக்கில். துருவைத் தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாள் போதும்.