திறமூலப் பணிமேடைச் சூழல்கள்

திறமூலப் பணிமேடைச் சூழல் என்பது கணினித் திரையில் சாளரங்கள், பட்டியல்கள், படவுருக்கள், கோப்பு மேலாளர் முதலியவற்றை ஒருங்கே வழங்கும் மென்பொருள் தொகுதி ஆகும். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இயங்குதளத்தின் கருவும் பணிமேடைச் சூழலும் வெவ்வேறானவை. ஆகவே ஒரே லினக்சு வழங்கலில் பயனர் தாம் விரும்பும் சூழலை நிறுவிக்கொள்ளலாம்.

வரலாறு

செருமனியைச் சேர்ந்த மத்தியாசு எட்ரிக் 1996 அக்டோபரில் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அது சார்ந்திருந்த கியூடி நிரலகம் அப்போது கட்டற்ற உரிமத்தில் கிடைக்காததால், மாற்றாக 1997இல் மெக்சிக்கோவின் மிகுவேல் டி இகாசா, பெடரிக்கோ மேனா ஆகியோர் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். 2011இல் வெளியான க்னோம் 3 பழைய பணிமேடை அமைப்பைப் பெரிதும் மாற்றியது. அதை ஏற்காதோர் மேட், சின்னமன் ஆகிய கிளைத் திட்டங்களை உருவாக்கினர்.

அண்மைய வளர்ச்சிகள்

1984இல் தோன்றிய எக்சு சாளர முறைமையின் இடத்தை வேலேண்டு நெறிமுறை பெற்று வருகின்றது. எக்சு முறையில் ஒரு செயலி பிற செயலிகளின் விசைத் தட்டல்களை அறிய இயலும். வேலேண்டு அதைத் தடுக்கின்றது. 2024 பெப்ரவரியில் வெளியான கேடிஇ பிளாசுமா 6 வேலேண்டை இயல்பிருப்பாகக் கொண்டது. 2025 செப்டம்பரில் வெளியான க்னோம் 49இல் எக்சு அமர்வு இயல்பிருப்பாக முடக்கப்பட்டது. இம்மாற்றத்தால் உள்ளீட்டு முறைகளையும் திரைப்படிப்பான்களையும் புதிய நெறிமுறைக்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று.

தமிழ் ஆதரவு

'கெ' என்னும் எழுத்து நினைவகத்தில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுகின்றது. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். இவ்வரிசை மாற்றத்தை எழுத்து வடிவாக்கப் பொறி செய்கின்றது. க்னோம் 2 (2002) இதற்குப் பாங்கோ நிரலகத்தைப் பயன்படுத்தியது. தட்டச்சுக்கு ஐபசு முதலிய கருவிகள் வழியே தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தலாம்.

இடைமுகத் தமிழாக்கம் பெரும்பாலும் தன்னார்வலர்களால் செய்யப்படுகின்றது. க்னோம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வெளியாவதால், புதிய தொடர்களை உடனுக்குடன் மொழிபெயர்க்காவிடில் முன்பு தமிழில் இருந்த பட்டியல்களிலும் ஆங்கிலம் கலந்துவிடும். ஒரு முறை முடித்த தமிழாக்கமும் தொடர்ந்து பேணப்பட வேண்டியதாகும்.

தமிழ்நாட்டில் பயன்பாடு

சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாசு லினக்சு 2007 சனவரியில் வெளியானது. க்னோம் சூழலுடன் வந்த இது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஆதரித்தது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாசு லினக்சும் நிறுவப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான இத்திட்டத்தின் வழியே, புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் திறமூலப் பணிமேடையைப் பயன்படுத்தும் வாய்ப்பு உண்டானது.

பழைய கணினிகள்

விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11 கோரும் வன்பொருள் இல்லாத கணினிகளிலும் திறமூலச் சூழல்களை நிறுவலாம். குறைந்த நினைவகம் கொண்டவற்றுக்கு எக்சுஎப்சிஇ, எல்எக்சுகியூடி ஆகிய எடைகுறைந்த சூழல்கள் ஏற்றவை. இவற்றால் பழைய மடிக்கணினிகளைப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களுடன் மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த இயலும்.