லாரிக்கு எஃப்.சி., டிரைவருக்கு?

சுந்தரர் சிறுதேர் உருட்டி விளையாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் திருநாவலூருக்குப் பக்கத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை போகிறது. சற்றுத் தெற்கே, உளுந்தூர்பேட்டையில், சேலம் சாலை பிரிகிறது. இருவழியாக இருந்த நெடுஞ்சாலை நான்கு வழியானதும் ஓட்டும் வித்தையே மாறியது. எதிர்வண்டிக்கு ஒதுங்கத் தெரிந்தவர், பின்னால் பாய்ந்து வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணாடியில் கணிக்க வேண்டியதாயிற்று. ஊர்ச்சாலையிலிருந்து ஏறுவதும் நடுத்திட்டின் இடைவெளியில் திரும்புவதும் புதுப் பாடங்கள். பழைய லைசென்ஸ்காரர்களை யாரும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை.

சட்டம் லைசென்ஸின் ஆயுளைப் பெரும்பாலும் நீட்டியே வந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கொடுத்தது 12 மாதங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொந்த வண்டிக்காரருக்கு 20 ஆண்டுகள் வரை கொடுத்தது. பஸ், லாரி ஓட்டுநருக்கு இருந்த 3 ஆண்டு, 2019 திருத்தத்தில் 5 ஆண்டானது. நாற்பது வயதைத் தாண்டியவரிடம் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். ஓட்டும் திறமையைக் கேட்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை: காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் தாமதித்தவர் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும், காலத்தோடு வந்தவருக்குத் தேர்வில்லை. திறமை குறைவதைவிடத் தாமதம்தான் சட்டத்தின் கண்ணுக்குப் படுகிறது! பழைய லாரியோ ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காகச் சோதனைக்கு நின்றாக வேண்டும்.

ஓட்டுநருக்கும் மறுதேர்வு வைக்கலாம் என்றால், விபத்துக்குக் காரணம் வேகமும் குடியும்தான், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பத்து நிமிடம் எவரும் ஒழுங்காக ஓட்டுவார் என்பார்கள். பாதி உண்மை. எட்டு போடச் சொல்லும் தேர்வை மறுபடி வைப்பதால் பயனில்லைதான். ஆனால் தவறான பழக்கம் பலருக்குத் தவறென்றே தெரிவதில்லை. நடுத்திட்டு இடைவெளி வரை போகச் சோம்பி எதிர்த்திசையில் வருபவரைக் கேட்டால் தெரியும். இன்னொரு கேள்வி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் இத்தனை பேரைத் தாங்குமா, புரோக்கருக்குப் புது வருமானம் ஆகாதா என்பது. நியாயமான அச்சம். அதனால்தான் எல்லோரையும் அழைக்கத் தேவையில்லை. ஜப்பானில் 2022 முதல், 75 வயதை எட்டியவர்களில் குறிப்பிட்ட விதிமீறல் செய்தவர்கள் மட்டும் புதுப்பிக்கும்போது ஓட்டும் தேர்வில் தேற வேண்டும். நம் நாட்டிலும் அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்குப் புதுப்பிக்கும்போது ஒருநாள் பயிற்சி கட்டாயம். அந்தக் கொள்கையை பஸ் ஓட்டுநருக்கு விரிக்காததற்குத் தக்க காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. நாற்பது, ஐம்பது உயிர்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டுநருக்கும், லைசென்ஸ் முடக்கப்பட்டு மீண்டவருக்கும், சம்பளம் பிடிக்காமல், நிஜச் சாலையில் மறுமதிப்பீடு வைப்பதை அரசு முதலில் தொடங்க வேண்டும்.