ஸ்காபா ஃப்ளோ கப்பற்சிதைவுகள்

ஸ்காபா ஃப்ளோ என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே, ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவே அமைந்துள்ள இயற்கைத் துறைமுகம் ஆகும். மெயின்லாந்து, ஹோய், பர்ரே, தெற்கு ரொனால்ட்சே முதலிய தீவுகள் இதனைச் சூழ்ந்துள்ளன. இரு உலகப் போர்களிலும் இது பிரித்தானியக் கடற்படையின் முக்கியத் தளமாக விளங்கியது. இங்கு மூழ்கியுள்ள போர்க்கப்பல்களைக் காண ஸ்கூபா முக்குளிப்பவர்கள் பல நாடுகளிலிருந்து வருகின்றனர். ஸ்ட்ரோம்னெஸ் என்னும் சிற்றூரிலிருந்து இதற்கான படகுகள் புறப்படுகின்றன.

வரலாறு

1918 நவம்பரில் முதல் உலகப் போர் நிறுத்தப்பட்டபின், ஜெர்மானியப் பெருங்கடற் படையைச் சேர்ந்த 74 கப்பல்கள் இங்கு தடுத்து வைக்கப்பட்டன. அவை எதிரியின் கைக்குச் செல்லக்கூடாது எனக் கருதிய தளபதி லுட்விக் ஃபொன் ராய்ட்டர், 1919 சூன் 21 அன்று அவற்றை மூழ்கடிக்குமாறு ஆணையிட்டார். மாலுமிகள் அடித்தள வால்வுகளைத் திறந்துவிட்டனர். 52 கப்பல்கள் மூழ்கின. ஏனையவை கரைப்பகுதிக்கு இழுக்கப்பட்டன. அன்று பிரித்தானியரின் துப்பாக்கிச் சூட்டில் ஒன்பது ஜெர்மானியர் இறந்தனர்.

1924 முதல் எர்னெஸ்ட் காக்ஸ் என்ற பொறியாளர் இக்கப்பல்களை மீட்கத் தொடங்கினார். கவிழ்ந்த கப்பலின் துளைகளை அடைத்து, உள்ளே அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி, நீரை வெளியேற்றி மிதக்கச் செய்வது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. மீட்கப்பட்டவை பழைய இரும்பாக விற்கப்பட்டன.

எஞ்சிய கப்பல்கள்

ஜெர்மானியப் படையின் ஏழு பெரிய கப்பல்கள் இன்றும் கடலடியில் உள்ளன.
- போர்க்கப்பல்கள்: கோனிக், குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப்
- இலகு குரூசர்கள்: புரும்மர், கோல்ன், டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹே

இவை ஏறத்தாழ 25 முதல் 45 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. பீரங்கிகளின் எடை மேற்பகுதியில் மிகுந்திருந்ததால் போர்க்கப்பல்கள் மூழ்கும்போதே கவிழ்ந்தன. குரூசர்கள் பக்கவாட்டில் சாய்ந்துள்ளன. இவை தவிர, எதிரி நுழையாதிருக்க நீரிணைகளில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட தடைக்கப்பல்களும் ஆழம் குறைந்த பகுதிகளில் உள்ளன. அங்கு நீரோட்டம் கடுமையானதாகையால், அது தணியும் சிறிது நேரத்தில் மட்டுமே இறங்க இயலும்.

குளிர்நீரும் முக்குளிப்பும்

நீரின் வெப்பநிலை குளிர்கால இறுதியில் ஏறத்தாழ 6 °செ, கோடை இறுதியில் 13 °செ அளவில் இருக்கும். எனவே நீர் புகாத உலர் உடை அணிவது வழக்கம். உடலுக்கும் உடைக்கும் இடையிலுள்ள காற்று வெப்பத்தைக் காக்கிறது. ஆனால் ஆழம் மாறும்போது அக்காற்று சுருங்கி விரிவதால், அதனைக் கட்டுப்படுத்தத் தனிப் பயிற்சி தேவை.

40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்து மடங்காகும். உருளையிலுள்ள காற்றும் அதற்கேற்ப விரைவாகத் தீரும். குருதியில் கரைந்த நைதரசன் குமிழிகளாக மாறாதிருக்க, மேலேறும்போது இடையிடையே நின்று வர வேண்டும். குளிரில் இந்தக் காத்திருப்பு கடினமானது. மிகக் குளிர்ந்த நீரில் சுவாசக் கருவியின் வால்வு உறைந்து, காற்று தொடர்ந்து வெளியேறும் ஆபத்தும் உண்டு.

கடலுயிர்கள்

கப்பல்களைச் சுற்றியுள்ள கடலடி பெரும்பாலும் சேறானது. பற்றி வளரக் கடினமான பரப்பு தேவைப்படும் உயிர்களுக்கு இவற்றின் எஃகு பாறையாகப் பயன்படுகிறது. கடற்சாமந்திகள், 'இறந்தவன் விரல்கள்' எனப்படும் மென்பவளங்கள், நட்சத்திர மீன்கள், நண்டுகள் ஆகியன இங்கு மிகுதி. ஆழம் குறைந்த சிதைவுகளில் கெல்ப் என்னும் பழுப்புக் கடற்பாசி வளர்கிறது.

பாதுகாப்பு

ஏழு ஜெர்மானியக் கப்பல்களும் 2001 இல் பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றைப் பார்வையிடலாம், எப்பொருளையும் எடுக்கக்கூடாது.

பிரித்தானியப் போர்க்கப்பல்களான வான்கார்ட், ராயல் ஓக் ஆகியவற்றின் நிலை வேறு. வான்கார்ட் 1917 சூலை 9 அன்று உள்வெடிப்பால் அழிந்ததில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ராயல் ஓக் 1939 அக்டோபர் 14 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-47 ஆல் தாக்கப்பட்டதில் 835 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் 18 வயது நிறையாத சிறுவர்கள். இவ்விரண்டும் போர்க்கல்லறைகள் என்பதால் பொதுமக்கள் அங்கு முக்குளிப்பதற்குத் தடை உள்ளது. ஆண்டுதோறும் கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கி ராயல் ஓக் கப்பலில் புதிய கொடியைப் பொருத்துகின்றனர்.

உப்புநீரில் எஃகு அரிக்கப்பட்டு வருவதால் ஏழு கப்பல்களின் தளங்களும் சுவர்களும் படிப்படியாக இடிந்து விழுகின்றன. உலோகத்திற்காக முன்பு வெடிவைத்து உடைக்கப்பட்டதும் அவற்றைப் பலவீனமாக்கியுள்ளது. இதனால் கப்பல்களின் உட்புறம் செல்வது மேலும் ஆபத்தானதாகி வருகிறது.