உடலை விட்டு உலாவியவர்கள்

கூடு விட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதிய செய்தியன்று. மூலன் என்னும் இடையனது உடலிற் புகுந்து திருமூலராய் எழுந்த சிவயோகியின் வரலாற்றைச் சிறு பிராயத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நம்முட் பலர். ஆனால், யோகமும் தவமும் பயிலாத மேனாட்டு இளைஞர் சிலர், உறக்கம் வந்து கண்ணைத் தழுவும் அந்தச் சிறு பொழுதையே வாயிலாகக் கொண்டு உடலினின்றும் வெளியேற முயன்றனர். கண்டதை எழுதியும் வைத்தனர். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

1902ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுதாம்ரன் நகரில் மின்பொறியியல் கற்ற மாணவன் ஒருவன் கனவு காண்கின்றான். வீட்டு வாயிலில், நடைபாதையில் நிற்பதாகக் கனவு. அப்பாதையிற் பதித்த நீள்சதுரக் கற்களின் நீண்ட பக்கம் தெருவோரத்துக்குக் குறுக்காக இருப்பதே வழக்கம். அன்றோ அவை தெருவோரத்துக்கு இணையாகக் கிடந்தன. ஓரிரவிற் கற்கள் திரும்பிப் படுப்பதில்லை. ஆகவே, தான் காண்பது கனவென்று கனவிலேயே தெளிந்தான். தெளிந்த அக்கணமே வானும் மரமும் வீடும் முன்னொருபோதும் காணாத ஒளியுடன் பொலிந்தனவாம். கல்லின் கிடையைக் கவனித்த அக்கண்ணை நான் பெரிதும் மதிக்கின்றேன். நம்மிற் பலர் விழித்திருக்கும் போதே அதனைக் கவனிப்பதில்லை.

கலவே என்னும் அம்மாணவர், 1920இல் ஒலிவர் பொக்ஸ் என்னும் புனைபெயரில் தம் அனுபவங்களை இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். கனவில் விழிப்படைவதோடு அவர் நின்றுவிடவில்லை. உடலை உறங்கவிட்டு மனத்தை மட்டும் விழித்திருக்கச் செய்யப் பழகினார். அவ்வேளையில் உடல் மரக்கட்டைபோல் விறைக்கும். விநோத ஓசைகள் எழும். பின்னர் வெளியே நிற்பதாய் உணர்வார். நெடுநேரம் தங்கினால் நெற்றியில் நோவெடுக்கும். ஒருமுறை அந்நோவை மீறி நின்றவர், விழித்தபோது கைகால் அசைக்கமாட்டாது கிடந்து அஞ்சினார்.

அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துச் சில்வன் மல்டூன் நோயாளி இளைஞர். பன்னிரண்டு வயதில், இரவில் விழித்தபோது உடல் அசையாதிருக்க, தாம் மேலெழுந்து மிதந்ததாகவும், ஒரு நாண் தம்மைக் கீழே கிடந்த உடலோடு பிணைத்திருந்ததாகவும் கூறினார். ஹெரெவாட் கறிங்டன் என்னும் ஆராய்ச்சியாளருக்கு அவர் கடிதம் எழுத, இருவருஞ் சேர்ந்து 1929இல் நூலொன்று வெளியிட்டனர். அதிற் கண்ட உபாயங்களுள் ஒன்று நகைப்பூட்டும். படுக்கைக்குப் போகுமுன் பல மணிநேரம் நீர் அருந்தலாகாது. உப்பையுண்டு தாகத்தை வளர்க்கவேண்டும். ஒரு குவளை நீரைத் தொலைவில் வைத்து, அதனை நோக்கிச் செல்வதாய் எண்ணியபடியே உறங்கவேண்டும். தணியாத வேட்கை சூக்கும உடலை வெளியே இழுக்கும் என்பது அவர் கொள்கை. அடியேன் பரீட்சித்துப் பார்க்கவில்லை; பிறரைப் பரீட்சிக்கத் தூண்டவும் மாட்டேன்.

உடல் விறைத்தல் பொய்யன்று. 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் விழிகள் விரைந்து அசைவதைக் கண்டறிந்தனர். கனவு மிகுந்த அக்கட்டத்தில் உடற்றசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று. தசை விடுபடுமுன் மனம் விழித்துக்கொண்டால், பேய் மார்பில் அமர்ந்து அமுக்குகிறது என்று நம்மூரார் அலறும் அந்நிலை உண்டாகும். பொக்ஸும் மல்டூனும் வேண்டி நின்ற வாயில் இதுவே.

அப்படியாயின், உயிர் உடலை விட்டுச் செல்கிறது என்பது நிறுவப்பட்டதாகாதா என்று என் மேல்வகுப்பு மாணவர் கேட்பதுண்டு. கேள்வி பெரிது. அதற்குச் சோதனையும் நடந்தது. 1968இல் சாள்ஸ் டார்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண்ணின் கட்டிலுக்கு மேலே, படுத்தவாறு காணமுடியாத தட்டில் ஐந்திலக்க எண்ணொன்று வைக்கப்பட்டது. நான்காம் இரவில் அவர் 25132 எனச் சரியாகக் கூறினார்! ஆயினும், சுவர்க்கடிகாரத்தின் பரப்பில் அவ்வெண் மங்கலாய்ப் பிரதிபலித்திருக்கலாம் என்பதை டார்ட் மறைக்கவில்லை. எண்ணை அறிந்தமை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை.

2002இல் ஜெனீவாவில் வலிப்பு நோயுற்ற பெண்ணொருவருக்குச் சிகிச்சை அளித்தபோது, வைத்தியர் ஒலாப் பிளாங்கே குழுவினர் மூளையின் வலப்புறத்தில் ஓரிடத்தை மின்னோட்டத்தாற் தூண்டினர். தாம் மேலே மிதந்து, கட்டிலிற் கிடக்கும் தம்மையே காண்பதாக அப்பெண் கூறினார். கண்டவையோ கால்களும் உடலின் கீழ்ப்பாகமும் மட்டுமே.

எனினும் என் நெஞ்சில் நிற்பது வேறொன்று. 1970இல் ஒக்ஸ்போட் மாணவி சூசன் பிளாக்மோர், களைப்புற்ற ஓரிரவில், உடலை விட்டுக் கூரைகளுக்கு மேலே பறந்ததாக உணர்ந்தார். பொக்ஸைப் போலவே அவருக்கும் கற்களைப் பார்க்கும் கண் இருந்தது. மறுநாள் வெளியே சென்று அண்ணாந்து பார்த்தார். கூரைகளும் புகைபோக்கிகளும் அவர் இரவிற் கண்டவாறு இருக்கவில்லை.